சிறு கப்பலா, பெருங் கப்பலா?

தீவுகளைச் சுற்றிக் கப்பலிற் செல்ல விரும்புவோர் முதலிற் கேட்கும் வினா எப்போதும் ஒன்றேயாகும்: சிறிய கப்பலில் ஏறுவதா, பெரிய கப்பலில் ஏறுவதா? விடை கூறப் புகுவோர் பெரும்பாலும் தத்தம் பழக்கத்தையே விடையாகக் கூறிவிடுவர். பெருங் கப்பலிற் சென்றவர் அதன் விருந்து மண்டபத்தைப் புகழ்வர். சிறு கப்பலிற் சென்றவர் உப்புக் காற்றை முகத்தில் வாங்காத பயணமும் ஒரு பயணமா என்பர். எந்தத் தீவுக்குச் சென்றனர் என்பதை மட்டும் இரு சாராரும் சொல்ல மறந்துவிடுவர். விடையோ தீவைப் பொறுத்தது. ஆதலால் இவ்வாரம் ஒரேயொரு தீவுக்கூட்டத்தை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலே ஈக்குவடோர் என்னும் நாடு உண்டு. அதன் கரையிலிருந்து ஏறத்தாழ 600 மைல் மேற்கே, பசிபிக் சமுத்திரத்தில், பூமத்திய ரேகை ஊடறுத்துச் செல்லும் இடத்தில் உள்ளவை கலாபகோஸ் தீவுகள். எரிமலைகள் கக்கிய பாறைக் குழம்பு இறுகி உண்டான நிலம் அது. பெரிய தீவுகள் பதின்மூன்று. சிறியனவும் பாறைகளும் பல. நிலப்பரப்பில் நூற்றுக்கு 97 பங்கு தேசியப் பூங்கா. எஞ்சிய மூன்று பங்கிலே முப்பதினாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழ்கின்றனர். 1835ஆம் ஆண்டிற் சாள்ஸ் டார்வின் கால்வைத்த தீவுகள் இவை என்பதை மாணவர்கள் பாடப் புத்தகத்திற் படித்திருப்பர்.

அத்துணைத் தூரம் நாம் எங்கே போகப்போகிறோம் என்று நேயர்கள் எண்ணலாம். எம்மவருட் பலருடைய பிள்ளைகள் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழ்கின்றனர். தாய் தந்தையரையும் குழந்தைகளையும் ஒருங்கே கூட்டிக்கொண்டு தூரதேசம் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு உண்டு. அம்மம்மாவுக்கு எழுபது வயது, பேரனுக்குப் பத்து வயது, இடையிலே பல ஆண்டாகச் சேர்த்த பணம். அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை மனத்திற் கொண்டே இதனை எழுதுகிறோம்.

முதலிலே பெரிது, சிறிது என்ற சொற்களின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். கரிபியன் கடலில் 2024ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய ‘ஐக்கன் ஒவ் த சீஸ்’ என்னும் கப்பல் நிறைந்தால் 7,600 பிரயாணிகளைக் கொள்ளும். அதில் ஏறுவோர் தீவுக்குச் செல்கிறார்கள் என்பதினும், ஒரு பட்டினத்தைத் தீவுக்குக் கொண்டுசெல்கிறார்கள் என்பதே பொருந்தும். கலாபகோசில் இதற்கு இடமே இல்லை. அங்கே பெருங் கப்பல் என்பது நூறு பேர் செல்லும் கப்பல். நூறுக்கு மேற்பட்ட பிரயாணிகளுடன் தீவுகளிடையே உல்லாசக் கப்பல் ஓடுவதற்கு அனுமதியில்லை. சிறு கப்பல் என்பது பெரும்பாலும் பதினாறு பேர் செல்வது. நாற்பது, ஐம்பது பேர் செல்லும் நடுத்தரக் கப்பல்களும் உண்டு.

பதினாறு என்ற கணக்கு தற்செயலாக வந்ததன்று. பூங்காவின் நிலத்திலே பெரும்பாலான இடங்களில் ஒருவரும் தனியாக நடக்க இயலாது. அங்கீகாரம் பெற்ற இயற்கை வழிகாட்டி ஒருவர் உடன் செல்லல் வேண்டும். ஒரு வழிகாட்டியின் பின்னே செல்லக்கூடியவர் பதினாறு பேருக்கு மேற்படலாகாது. நூறு பேர் கப்பலில் வந்தவரும் கரையில் இறங்கியதும் பதினாறு பேராகப் பிரிந்தே நடக்க வேண்டும். நடக்கும் பாதை குறிக்கப்பட்டிருக்கும்; அதைவிட்டு விலகுதல் குற்றம். எந்த விலங்குக்கும் ஆறு அடிக்கு உட்பட நெருங்குதல் கூடாது. காலை ஆறு மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் கரையில் நிற்றல் கூடாது. எந்தக் கப்பல் எந்த நாளில் எந்த இடத்துக்குச் செல்லும் என்ற நிரலையும் பூங்கா நிர்வாகமே வகுக்கிறது. கப்பல் தலைவர் தாம் விரும்பியவாறு திருப்பிக்கொண்டு போகமுடியாது.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, சிறு கப்பலிற் சென்றோரே தீவை உண்மையிற் காண்பர் என்னும் பேச்சிற் பாதியளவே உண்மை இருப்பதைக் காணலாம். நீல நிறக் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடும் பூபி என்னும் கடற்பறவை, தன்னைப் பார்ப்பவர் எந்தக் கப்பலில் வந்தவர் என்று கேட்பதில்லை. கடற்சிங்கம் இருவருக்கும் ஒரே அலட்சியத்துடன் முதுகைக் காட்டிப் படுத்திருக்கும்.

மற்றப் பாதி உண்மை நேரத்தைப் பற்றியது. கரைக்குச் செல்வது கப்பலில் அன்று. கப்பலிலிருந்து இறக்கும் சிறு படகுகளிலேயே செல்ல வேண்டும். பதினாறு பேர் கப்பலில் இரண்டு படகுகள் ஒரே முறையில் எல்லாரையும் கொண்டு சேர்த்துவிடும். நூறு பேரைப் பதினாறாகப் பிரித்தால் ஏழு கூட்டமாகும். ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் பத்து நிமிட இடைவெளி விட்டாற் கூட, முதலாம் கூட்டம் சென்று ஒரு மணித்தியாலத்தின் பின்னரே ஏழாம் கூட்டம் இறங்கும். இடைவெளியைக் குறைத்தால் பாதை நிரம்பிவிடும். இதற்காகவே பெருங் கப்பல்களிற் பாதிப் பேர் நடக்க, பாதிப் பேர் நீந்தச் செல்லும்படி முறை வகுப்பர். எனினும், பாறையிற் படிந்த குளிர் நீங்காத விடியற்காலையில், ஒருவரும் இல்லாத கரையிலே முதலாவதாகக் கால்வைக்கும் அனுபவம் ஏழு கூட்டங்களில் ஒன்றுக்கே கிடைக்கும். சிறு கப்பலில் அது எல்லார்க்கும் பொது. அதற்காக அதிக பணம் கொடுப்பவரைக் குறைகூற எமக்கு மனமில்லை.

ஒரு வாரம் பதினைந்து அந்நியருடன் ஒரே மேசையில் உண்ண வேண்டும் என்பதையும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். நல்ல துணை வாய்த்தால் அது பேறு. ஓயாது பேசும் ஒருவர் வாய்த்தால் நடுக்கடலில் எங்கே போவது? நூறு பேர் கப்பலில் மேசையை மாற்றிக்கொள்ளலாம். மரக்கறி உணவு மாத்திரம் கொள்வோர் சிறு கப்பலின் சிறிய சமையலறைக்கு முன்கூட்டியே எழுதி அறிவித்துவிடுதல் நன்று; கடைக்குச் சென்று வாங்கிவர அங்கே வழியில்லை.

இனி, தெரிவு உண்மையில் தங்கியிருப்பது எதில் என்று பார்ப்போம். அது கண்ணிலன்று, காதிலும் வயிற்றிலும் தங்கியிருக்கிறது.

டார்வினை எடுத்துக்கொள்வோம். ‘பீகிள்’ என்னும் அவருடைய கப்பலின் நீளம் ஏறத்தாழ 90 அடி. இன்று கலாபகோசில் ஓடும் பதினாறு பேர் கப்பல்கள் பலவும் அந்த நீளத்தை ஒட்டியவையே. ஆனால் பீகிளில் இருந்தவர் எழுபதுக்கு மேற்பட்டோர். 1831 டிசெம்பரிற் புறப்பட்டு 1836 ஒக்டோபரில் மீளும் வரை டார்வின் கடல் மயக்கத்தால் அல்லற்பட்டார். நாள் செல்லச் செல்லப் பழகிவிடும் என்று நம்பினார், பழகவில்லை. வாய்த்தபோதெல்லாம் கரையிறங்கித் தங்கினார். கலாபகோசிலும் சந்தியாகோத் தீவிலே கப்பலை விட்டு ஒன்பது நாளளவு கரையில் இருந்தார். இருபத்தாறு வயது இளைஞர், நெடுந்தூரம் நடக்க வல்லவர். அவருக்கே இந்நிலையென்றால் எழுபது வயது அம்மம்மாவின் நிலை எவ்வாறாகும்?

அவர் சென்றது செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில். அக்கடலில் அலை மிகும் பருவம் அது. பூமத்திய ரேகைக்கு யாழ்ப்பாணத்தினும் மிக அண்மையில் இருந்தும், கலாபகோசின் கடல் நம் கடல் போல வெதுவெதுப்பானதன்று. தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது. யூன் முதல் நொவெம்பர் வரை காற்று வலுத்து, நீர் குளிர்ந்து, ‘கருவா’ என்று அங்குள்ளோர் கூறும் மென்தூறல் மேட்டு நிலங்களை நனைக்கும். ஜனவரி முதல் மே வரை கடல் அமைதியாகவும் நீர் சற்று வெப்பமாகவும் இருக்கும். மழை பெய்தால் பெருமழையாகப் பெய்யும். குளிர்ந்த நீரில் உணவு மிகுதியாதலாற் கடற்பறவைகளுக்கும் மீன்களுக்கும் முதலாவது பருவமே நல்ல பருவம். மனிதரின் வயிற்றுக்கு இரண்டாவது நல்லது.

ஒரு தீவிலிருந்து மற்றத் தீவுக்குக் கப்பல்கள் பெரும்பாலும் இரவிலேயே செல்கின்றன. பகல் முழுவதும் தீவைப் பார்த்துவிட்டு உறங்கும்போது கடலைக் கடத்தல் வசதியான ஏற்பாடே. ஆயினும் படுத்திருப்பவரின் உட்செவி உடல் ஆடுவதை உணர்கிறது. அறையின் சுவரையே காணும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படும்போது மூளை குழம்ப, வயிறு புரளுகிறது. பகலிலாயின் மேற்றளத்துக்குச் சென்று அடிவானத்தை நோக்கினாற் கண்ணும் செவியும் ஓரளவு உடன்படும். இரவிலே அடிவானம் ஏது?

பெருங் கப்பலின் சிறப்பு இங்கே வெளிப்படுகிறது. நீண்ட கப்பல் ஓர் அலையிலிருந்து அடுத்த அலைவரை பாலம் போலக் கிடக்கும். குறுகிய கப்பல் ஒவ்வோர் அலையிலும் ஏறி இறங்கும். மேலும் பெரியவற்றின் இருமருங்கிலும் நீருக்கடியில் மீனின் செட்டை போன்ற தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும். கப்பல் ஓடும்போது இவை பக்கவாட்டு உருளலை வெகுவாகக் குறைக்கின்றன. இரட்டை உடல் கொண்ட சிறு கப்பல்களும் உண்டு. அவற்றை ஆங்கிலேயர் நம் கட்டுமரத்தின் பெயராலேயே ‘கட்டமரான்’ என்று அழைக்கின்றனர். பெயரை எடுத்துக்கொண்டு பொருளை மாற்றிவிட்டனர். அவை பக்கவாட்டிற் குறைவாகவே உருளும். ஆனால் குறுக்கே வரும் சிற்றலைகளிற் குலுக்கும் குணம் உடையன.

எந்தக் கப்பலாயினும் அறை இருக்கும் இடம் பெரிது. யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் துலா நின்ற காலத்தை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. துலாவின் நுனி வானத்துக்கும் கிணற்றுக்குமாக ஏறி இறங்கும். ஆடுகாலிலே பொருந்திய இடமோ அசைவதே தெரியாது. கப்பலின் நடுப்பகுதியிற் கீழ்த்தளத்து அறை ஆடுகாலுக்கு அண்மையிலுள்ள இடம். முன்புறத்து மேற்றள அறை துலாவின் நுனி. விலை கூடியது பெரும்பாலும் நுனியே; காட்சி நன்றாகத் தெரியும் என்பதால் அதற்கு அதிக பணம் வாங்குகின்றனர். கடல் மயக்கம் உள்ளவர்கள் குறைந்த விலைக்கு நல்ல இடத்தைப் பெறலாம் என்பது இவ்வுலகில் அரிதாகக் காணும் நீதிகளுள் ஒன்று. மாத்திரை கொள்வதாயின் வைத்தியரைக் கேட்டுப் புறப்படுமுன்னரே கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கிய பின் விழுங்குவது வயிற்றில் நில்லாது.

அப்படியாயின் அம்மம்மா உள்ள குடும்பத்துக்குப் பெருங் கப்பலே தக்கது என்று முடித்துவிடலாமா? அதற்குமுன் ஒன்றை நோக்க வேண்டும். கப்பல் எவ்வளவு பெரிதாயினும் கரைக்குக் கொண்டுசெல்வது அதே சிறு படகுதான். ஆடுகின்ற படகிலிருந்து ஈரமான பாறையிற் கால்வைத்தல் ஒருவகை இறக்கம். முழங்காலளவு நீரிற் குதித்து மணலுக்கு நடத்தல் மற்றொரு வகை. பாதோலொமே என்னும் சிறு தீவின் உச்சிக்குச் செல்ல முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மரப்படிகள் உண்டு. எஸ்பானியோலாத் தீவின் பாதை முழுவதும் உருண்டைப் பாறைகள். முழங்கால் வலி உள்ளவரை இவற்றிலிருந்து எந்தப் பெருங் கப்பலும் காப்பாற்றாது.

வேற்றுமை, அவர் இறங்காது கப்பலில் நின்றுவிடும் வேளையிலேதான் தோன்றுகிறது. பெருங் கப்பலில் நின்றுவிட்டால் பேசுவதற்கு வேறு சிலரும் இருப்பர். அகன்ற கண்ணாடி வழியாகத் தீவைப் பார்த்திருக்கலாம். பெரும்பாலும் வைத்தியரும் இருப்பார். சிறு கப்பலில் நின்றுவிட்டால், நங்கூரமிட்டு அசையும் மேற்றளத்தில், அவரும் சமையற்காரருமே துணை. மூன்று நாள் அப்படி இருந்தவர் நான்காம் நாள் “நீங்கள் போய் வாருங்கள், என்னைப் பாராதேயுங்கள்” என்பார். குடும்பமாகச் சென்ற பயணம் அன்றோடு இரண்டாகப் பிரிந்துவிடும். ஆதலால் மூத்தோர் ஒரு சில இறக்கங்களுக்கேனும் வரமாட்டார் என்று தெரிந்தால், பெரியதையோ நடுத்தரத்தையோ தெரிவுசெய்தல் வேண்டும் என்பதே எமது கருத்து. எல்லாரும் திடகாத்திரமுடையவராயிற் சிறிதே சிறந்தது. அதில் எமக்கு ஐயமில்லை. பத்து வயதுப் பேரனைப் பொறுத்தவரை, சிறு கப்பலிலே கப்பலோட்டியின் அறைக்குச் சென்று திசையறி கருவியைப் பார்ப்பது எளிது. ஆனால் அவன் வயதுடைய வேறு பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். மிகச் சிறிய குழந்தைகளைச் சில சிறு கப்பல்கள் ஏற்பதுமில்லை.

தீவுகளுக்கு எந்தக் கப்பல் நல்லது என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். எளிதில் விடைகூற இயலாத வினா இதுவே. 1959ஆம் ஆண்டு, டார்வினின் உயிரினத் தோற்ற நூல் வெளிவந்து நூறாண்டு நிறைந்தபோது, ஈக்குவடோர் அரசு இத்தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கியது. 1978ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலை முதன்முதலில் வெளியிட்டபோது அதில் இவை இடம்பெற்றன. உல்லாசப் பிரயாணிகளின் தொகை பெருகியது. 2007இல் ஆபத்துக்குள்ளான மரபுரிமைகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டு, 2010இல் அந்நிலையிலிருந்து நீக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டிற் சென்றவர் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர். நூறு பேரை ஒரு கப்பலில் ஏற்றுவதா, ஏழு சிறு கப்பல்களில் ஏற்றுவதா? ஏழு இயந்திரங்கள், ஏழு நங்கூரங்கள், ஏழு கழிவுத் தொட்டிகள் என்று கணக்கிட்டால் ஒன்று மேலெனத் தோன்றும். ஆனால் தீவிற் பிறந்த குடும்பங்கள் நடத்தும் கப்பல்கள் சிறியனவற்றுள்ளேயே இருக்கின்றன. பணம் அந்த மண்ணில் தங்க வேண்டும் என்போர்க்கு அதுவும் ஒரு நியாயம்.

பெருங் கப்பலின் பசியும் பெரிது. 2001 ஜனவரி 16ஆந் திகதி ‘ஜெசிக்கா’ என்னும் எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்தோபல் தீவின் துறைமுக வாயிலிற் பாறையேறிற்று. அதில் இருந்தது ஏறத்தாழ 600 தொன் டீசலும் 300 தொன் கனத்த எரிநெய்யும். அக்கனத்த நெய் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றும் பெரிய கப்பல் ஒன்றுக்கென வந்தது. காற்றும் நீரோட்டமும் நெய்யைப் பெரும்பாலும் திறந்த கடலுக்கு இழுத்துச் சென்றதால் தீவுகள் தப்பின என்றே அன்று பலரும் ஆறுதலடைந்தனர். கடற்பாசியைத் தின்று வாழும் கடலோணான்கள் சாந்த பே தீவில் உண்டு. அடுத்த ஆண்டு ஆராய்ச்சியாளர் எண்ணிப் பார்த்தபோது அவற்றுள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை மடிந்திருந்தன. கரையை எட்டிய நெய்யோ மிகச் சிறிதளவே.

பணம் கட்டுமுன் கப்பலின் படத்தைப் பார்ப்பதிலும் அதன் பயண நிரலைப் பார்த்தல் முக்கியம். பெரும்பாலான இடங்களுக்கு ஒரு கப்பல் பதினான்கு நாளுக்குள் இரண்டாம் முறை வரலாகாது என்ற விதி 2012 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஒவ்வொரு கப்பலும் இரு வார நிரலை வைத்துக்கொண்டு அதைத் துண்டு துண்டாக விற்கிறது. ஒரு வாரம் மேற்குத் தீவுகள், மறு வாரம் கிழக்கும் தெற்கும் என்று அமையலாம். பறக்க மறந்த நீர்க்காகம் பெர்னாந்தினாத் தீவிலும் இசபெலாவின் சில கரைகளிலும் அன்றி உலகில் வேறெங்கும் இல்லை. அதைக் காண விரும்பிக் கிழக்கு நிரலை வாங்கியவர் எவ்வளவு சிறந்த கப்பலிற் சென்றும் பயனில்லை. நான்கு நாள் பயணம் என்று மலிவாக விற்பதில் முதல் நாளும் கடைசி நாளும் பெரும்பாலும் விமான நிலையத்துக்கே போய்விடும். பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஓகஸ்டிலிருந்து வெளிநாட்டு முதியோர் பெரும்பாலோருக்கு 200 டொலர். அதற்குமுன் 100 டொலராக இருந்தது. நான்கு நாள் நிற்பவரும் பதினைந்து நாள் நிற்பவரும் கொடுப்பது ஒரே தொகை.

கப்பலே வேண்டாம், புவேர்தோ அயோரா பட்டினத்தில் தங்கிப் பகற் படகுகளில் அயல் தீவுகளுக்குச் சென்று வருவோம் என்பாரும் உளர். செலவு குறையும், இரவிலே கட்டில் ஆடாது. பெர்னாந்தினா, ஹெனொவேசா போன்ற தூரத் தீவுகள் மட்டும் அவர்களுக்கு எட்டா.

மாதத்தையும் கப்பலோடு சேர்த்தே தெரிவுசெய்ய வேண்டும். அமைதியான கடலை நாடி அம்மம்மாவுக்காகப் பெப்ரவரியைத் தெரிவுசெய்யும் குடும்பம், எஸ்பானியோலாவின் அல்பத்ரோஸ் பறவைகளைக் காணாது. ஏழு அடிக்கு மேல் சிறகு விரியும் அப்பறவைகள் ஏப்ரிலில் வந்து டிசெம்பர் வரை அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். ஜனவரி முதல் மார்ச்சு வரை பரந்த கடலில் இருக்கும். ஏப்ரிற் பிற்பகுதியிலும் மே மாதத்திலும் கடல் இன்னும் பெரிதாகக் கொந்தளிப்பதில்லை, பறவைகளும் வந்துவிட்டிருக்கும். பேரனின் பாடசாலை விடுமுறை அதற்கு இடங்கொடுக்குமா என்பதை வீட்டிலேதான் கேட்டறிய வேண்டும்.